போனில் லினக்ஸ்: மெமரி கார்டிலா, உள்ளேயா, பாதிப் பாதியா?

பழைய போனில் லினக்ஸ் போட ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் நல்லதா, உபுண்டு டச் நல்லதா?" என்பதுதான். இரண்டும் போனுக்கான லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள், அதாவது லினக்ஸை மற்ற மென்பொருள்களோடு சேர்த்துத் தரும் தொகுப்புகள். நான் திருப்பிக் கேட்கிற கேள்விகள் இரண்டு. கையில் இருப்பது எந்த போன்? நாளைக்கு அது எழுந்திருக்காமல் போனால் எப்படி எழுப்புவீர்கள்? இவை இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால், டிஸ்ட்ரோ எது என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

கணினியில் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத் தெரியும். கணினியில் டெபியன் என்ற டிஸ்ட்ரோவின் ஒரே இமேஜை (முழு சிஸ்டமும் அடங்கிய கோப்பை) எந்த மெஷினில் செருகினாலும் ஏறக்குறைய ஓடிவிடும். உள்ளே என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்பதை கணினியின் தொடக்க மென்பொருளான பயாஸோ யூஇஎஃப்ஐயோ, சிஸ்டத்தின் மையமான கெர்னலுக்குச் சொல்லிவிடுகிறது. போனில் அப்படிச் சொல்லித்தர ஆள் கிடையாது. திரை எது, டச் சிப் எந்த முகவரியில் உட்கார்ந்திருக்கிறது, சார்ஜிங்கை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாக 'டிவைஸ் ட்ரீ' எழுதியாக வேண்டும். யாராவது பொறுமையாக உட்கார்ந்து உங்கள் மாடலுக்கு எழுதியிருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. சில சமயம் மாடல் பெயர் மட்டும் போதாது. போக்கோ எஃப்1 போனில் இரண்டு நிறுவனங்களின் திரைகள் வந்தன. டியான்மா திரைக்கு ஓர் இமேஜ், ஈபிபிஜி திரைக்கு வேறு இமேஜ். மாற்றிப் போட்டால் போன் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், திரையில் மட்டும் ஒன்றும் வராது. நிறைய பேர் போன் செத்துவிட்டது என்று பயப்படுவது இந்த இடத்தில்தான்.

சரி, வழிகளைப் பார்ப்போம்.

மெமரி கார்டிலிருந்து ஓட்டுவது

இது எல்லா போனிலும் முடியாது. லினக்ஸுக்கென்றே 2020-ல் வெளிவந்த பைன்ஃபோனில் முடியும். அதில் இருக்கும் ஆல்வின்னர் ஏ64 சிப், மின்சாரம் வந்ததும் முதலில் மெமரி கார்டைத்தான் எட்டிப் பார்க்கும். அதில் பூட் ஆகக்கூடியது ஏதாவது இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால்தான் உள்ளே இருக்கும் சேமிப்பகமான இஎம்எம்சி பக்கம் திரும்பும். இந்த வரிசை சிப்புக்குள்ளேயே, மாற்ற முடியாத ரோமில் எழுதப்பட்டிருக்கிறது. அதனால் உள் சேமிப்பகத்தில் நீங்கள் என்ன கூத்து நடத்தினாலும், ஒரு நல்ல கார்டைச் செருகினால் போன் எழுந்துவிடும். ஒரு கார்டில் மோபியன், இன்னொன்றில் போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ், மூன்றாவதில் உபுண்டு டச் என்று வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒன்றாக மாற்றிப் பார்க்கலாம். வேறு போன்களில் எளிதில் கிடைக்காத சுகம் இது.

குறை என்னவென்றால் வேகம். பைன்ஃபோனின் கார்டு ஸ்லாட் பழைய ஹை ஸ்பீடு முறையிலேயே நிற்கிறது. எவ்வளவு வேகமான கார்டு வாங்கிப் போட்டாலும் நொடிக்கு 25 எம்பி-யைத் தாண்டாது. ஃபயர்ஃபாக்ஸ் திறப்பதற்குள் வேறு வேலையே பார்த்துவிடலாம். அப்டேட் போடும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை எழுதுவதால் கார்டு இன்னும் திணறும். போனின் ரேம் 2 அல்லது 3 ஜிபிதான். அது நிறைந்து, கார்டை ரேமுக்குப் பதிலாகப் பயன்படுத்த (ஸ்வாப்) ஆரம்பித்தால் டச் செய்ததற்கும் திரை அசைவதற்கும் நடுவே ஒரு மௌனம் விழும். கார்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு "லினக்ஸ் போன் என்றாலே மெதுவு" என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் பாதி கார்டைத்தான் திட்டுகிறார்கள். மீதிப் பாதி நியாயம்தான், அந்த சிப்பும் வேகமானதல்ல.

பைன்ஃபோன் ப்ரோவிலும் இதே பூட் வரிசை என்று எண்ணிவிடாதீர்கள். அதிலுள்ள ராக்சிப் சிப்பின் வரிசை வேறு: முதலில் எஸ்பிஐ என்ற சின்ன ஃப்ளாஷ் சிப், பிறகு இஎம்எம்சி, கடைசியில்தான் கார்டு. உள்ளே அரைகுறையாக ஒரு பூட்லோடர் (சிஸ்டத்தை ஏற்றிவிடும் சின்ன நிரல்) கிடந்தால் கார்டுக்கு முறை வராமலே போகும். அதனால் அந்த போனில் முதல் வேலையாக டோ-பூட் என்ற பூட்லோடரை எஸ்பிஐயில் எழுதிவிடுவது நல்லது. பிறகு எதிலிருந்து பூட் ஆக வேண்டும் என்பதை நீங்களே தேர்ந்துகொள்ளலாம்.

ஆண்ட்ராய்டோடு பிறந்த போன்களின் பூட்லோடர் கார்டைத் திரும்பியே பார்க்காது. போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் போன்றவற்றில் சிஸ்டத்தின் கோப்புகள் அடங்கிய ரூட் ஃபைல் சிஸ்டத்தைக் கார்டில் வைக்க வழி இருந்தாலும், கெர்னல் உள்ளேயிருந்தோ கேபிள் வழியாகவோதான் வர வேண்டும்.

உள்ளே எழுதுவது, பைன்ஃபோனில்

இங்கே வேலை எளிது. ஜம்ப்டிரைவ் என்று ஒரு குட்டி இமேஜ் இருக்கிறது. அதைக் கார்டில் எழுதிப் போனில் போட்டு, யூஎஸ்பி கேபிளைக் கணினியில் செருகினால், போனின் இஎம்எம்சி ஒரு பென்டிரைவ் மாதிரி கணினியில் தெரியும். டோ-பூட் இருந்தால் கார்டுகூட வேண்டாம்: ஒலியைக் கூட்டும் பட்டனை அழுத்திக்கொண்டே போனை ஆன் செய்தால், விளக்கு நீலமாக எரியும், போன் டிஸ்க்காக மாறிவிடும். அப்புறம் டிஸ்ட்ரோ இமேஜை டிடி கட்டளையாலோ வேறு எழுதும் கருவியாலோ அப்படியே எழுதிவிட வேண்டியதுதான்.

அந்த "எளிது" என்ற சொல்தான் என்னைக் கவிழ்த்தது. 32 ஜிபி இஎம்எம்சி டிஸ்க் பட்டியலில் 29 ஜி சொச்சம் என்று வரும். அன்றைக்கு அதே கணினியில் 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றும் தொங்கிக்கொண்டிருந்தது. அதுவும் 29 ஜி சொச்சம். எஸ்டிபி, எஸ்டிசி என்று இரண்டு வரிகள். நான் அளவை மட்டும் பார்த்துவிட்டு எண்டர் தட்டினேன். நாலு நிமிடம் கழித்துப் போனை ஆன் செய்தால் பழைய சிஸ்டமே சிரித்துக்கொண்டு வருகிறது. புதியது பென்டிரைவில், இரண்டு வருடப் படங்களின் மேல். அன்றிலிருந்து, கேபிளைப் பிடுங்கி ஒருமுறை பட்டியல், செருகி ஒருமுறை பட்டியல், புதிதாக முளைத்த வரி எதுவோ அதுதான் போன். வேறு எல்லா டிஸ்க்கையும் கழற்றியும் வைத்துவிடுகிறேன்.

எழுதி முடித்ததும் கேபிளை உருவி விடாதீர்கள். நூறு சதவீதம் என்று காட்டிய பிறகும் கணினியின் நினைவகத்தில் கொஞ்சம் தேங்கி நிற்கும். சிங்க் கட்டளை கொடுத்து, அது திரும்பி வரும்வரை காத்திருங்கள். முதல் பூட் முடிந்ததும் காலி இடம் எவ்வளவு என்று பாருங்கள். ரூட் பார்ட்டிஷன் (சிஸ்டம் இருக்கும் பகுதி) விரியாமல் இமேஜின் அளவிலேயே நின்றுபோய், இவ்வளவு பெரிய சேமிப்பகத்தில் நாலைந்து ஜிபி மட்டும் தெரிகிற கதை எப்போதாவது நடக்கும். முதல் நாளிலேயே பார்ட்டிஷனை விரித்துவிடுங்கள், பிறகு என்றால் தலைவலி.

உள்ளே போடப் போகிறீர்கள் என்றால் என்கிரிப்ஷனையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ்ஸின் பைன்ஃபோன் நிறுவி போன் திரையிலேயே அதைக் கேட்கும். சரியென்றால் ஒவ்வொரு பூட்டிலும் திரை விசைப்பலகையில் கடவுச்சொல் தட்ட வேண்டும். முதலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆறு மாதம் கழித்து மனம் மாறினால், மறுபடி முதலிலிருந்து எழுதுவதுதான் நடைமுறை வழி.

என் ஆலோசனை: இரண்டு வாரம் கார்டில் ஓட்டுங்கள். கால் வருகிறதா, தூங்கப் போட்ட போன் கால் வந்தால் விழிக்கிறதா என்று பாருங்கள். பைன்ஃபோன் உறங்கும்போது முக்கிய சிப் முழுவதும் படுத்துவிடும். கிரஸ்ட் என்ற சின்ன ஃபர்ம்வேர்தான் ஏ64-க்குள் இருக்கும் துணைச் சிப்பில் விழித்திருக்கும். கால் வந்ததும் மோடம் தட்டி எழுப்ப, சிஸ்டம் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து மணி அடிப்பதற்குள் சில நொடிகள் ஓடிவிடும். கூப்பிட்டவர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். இதைச் சகித்துக்கொள்ள முடியுமென்றால் உள்ளே எழுதுங்கள், வேகத்தில் வித்தியாசம் உடனே தெரியும். முடியாதென்றால் அந்த போனை உள்ளே எழுதியும் பயனில்லை.

உள்ளே எழுதுவது, ஆண்ட்ராய்டு போனில்

பெரும்பாலானவர்கள் கையில் இருப்பது இதுதான். முதல் படி பூட்லோடரை அன்லாக் செய்வது. அந்தக் கணமே போனில் உள்ள உங்கள் தரவு முழுவதும் அழியும். இது விபத்து இல்லை, வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு. சில நிறுவனங்கள் அன்லாக் செய்ய விடுகின்றன, சில நாள் கணக்கில் காக்க வைக்கின்றன, சில விடவே விடாது. விடாத போன் என்றால் இந்தக் கட்டுரையில் 'எழுதாமலே லினக்ஸ்' என்ற பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

இதற்கு மேல் இரண்டு பாதைகள். என் பார்வையில் மொத்தத் தேர்வும் இங்கேதான் இருக்கிறது, டிஸ்ட்ரோவின் பெயரில் அல்ல. போன் யாருடைய கெர்னலில் ஓடப்போகிறது?

முதல் பாதை ஹேலியம். தயாரிப்பாளர் ஆண்ட்ராய்டுக்காகக் கொடுத்த அதே பழைய கெர்னலை வைத்துக்கொள்வது. கேமரா, ஜிபிஎஸ், கிராஃபிக்ஸ் ஆகியவற்றுக்கான மூடிய டிரைவர்கள் ஆண்ட்ராய்டுக்கென்று எழுதப்பட்டவை. அவற்றை ஒரு கன்டெய்னருக்குள் ஓடவிட்டு, லிப்ஹைப்ரிஸ் என்ற பாலத்தின் வழியாக லினக்ஸ் பக்கத்திலிருந்து பேசுவார்கள். உபுண்டு டச்சின் பெரும்பாலான போன்களும் ட்ராய்டியன் என்ற டிஸ்ட்ரோவும் இப்படித்தான் ஓடுகின்றன. செயில்ஃபிஷ் என்ற போன் சிஸ்டமும் அதே பாலத்தில்தான் நடக்கிறது. பலன்: கேமரா படம் எடுக்கும், கைரேகை வேலை செய்யும், பேட்டரி ஒரு நாள் நிற்கும். விலை: கெர்னல் 4.4, 4.9, 4.14 என்று போன் பிறந்த காலத்திலேயே உறைந்து நிற்கும்.

உபுண்டு டச் நிறுவும்போது "முதலில் ஆண்ட்ராய்டின் இந்தப் பதிப்புக்குப் போ" என்று கேட்பதும் இதனால்தான். தயாரிப்பாளரின் வெண்டார் பார்ட்டிஷனில் இருக்கும் டிரைவர்களும் இமேஜும் பொருந்த வேண்டும். நிறைய பேர் இந்த வரியைத் தாண்டிப் படித்துவிட்டு, வைஃபை வரவில்லை, சென்சார் வரவில்லை என்று வந்து நிற்பார்கள். புதிய பதிப்பு இருந்தால் நல்லதுதானே என்பது இங்கே செல்லாது. கேட்ட பதிப்பு எதுவோ அதுதான்.

இரண்டாவது பாதை மெயின்லைன். தயாரிப்பாளரின் கெர்னலைத் தூக்கிப் போட்டுவிட்டு, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் மூல நிரல் மரத்தை ஒட்டிய புதிய கெர்னலில் போனை ஓட்டுவது. 2017-ல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ்ஸின் கனவே இதுதான்: ஒரு போன் பத்து வருடம் உழைக்க வேண்டும். அடியில் ஆல்பைன் லினக்ஸ், மிகச் சின்னது. 2018-ல் வந்த ஒன்பிளஸ் 6, போக்கோ எஃப்1 ஆகிய இரண்டிலும் ஸ்னாப்டிராகன் 845 சிப். இந்தப் பாதையில் நன்றாக நடை பழகியவற்றில் இவை முக்கியமானவை. கிராஃபிக்ஸுக்குத் திறந்த டிரைவர் இருக்கிறது, வேகம் கண்ணுக்குத் தெரியும். பைன்ஃபோனிலிருந்து இதற்கு வந்தால் மாட்டுவண்டியிலிருந்து இறங்கி பைக்கில் ஏறிய மாதிரி இருக்கும். ஆனால் கேமரா போன்றவை ஒவ்வொன்றாகத்தான் வந்து சேரும். உறக்கத்தில் பேட்டரியும் ஆண்ட்ராய்டு அளவுக்குச் சிக்கனமாக இருக்காது.

ஆக, அன்றாடம் போனாக வேண்டுமா, பாக்கெட்டில் ஒரு லினக்ஸ் கணினியாக வேண்டுமா? முதலாவது என்றால் ஹேலியம், இரண்டாவது என்றால் மெயின்லைன். நடுவில் நின்று இரண்டும் வேண்டும் என்று அடம்பிடித்தால் இரண்டிலும் ஏமாற்றம்தான் மிஞ்சும். எந்தப் பாதையானாலும் உங்கள் மாடலின் பக்கத்தில் வோல்ட்இ (4ஜி வழியாகக் கால்) வேலை செய்கிறதா என்பதை மட்டும் தேடிப் படித்துவிடுங்கள். 2ஜி, 3ஜி மூடப்பட்ட இடங்களில் அது இல்லையென்றால் இணையம் வரும், கால் வராது.

எழுதுவதற்கு முன் எடுக்க வேண்டிய பேக்கப் பற்றி அதிகம் பேரிடம் பேச்சே இல்லை. படங்களைச் சொல்லவில்லை. குவால்காம் சிப் உள்ள போன்களில் மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2, எஃப்எஸ்ஜி, பெர்சிஸ்ட் என்ற குட்டிப் பார்ட்டிஷன்கள் உண்டு. போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ, ரேடியோவின் அளவுத்திருத்தம், சென்சார்களின் கணக்கு எல்லாம் அங்கேதான். அந்த ஒரு போனுக்கென்றே தொழிற்சாலையில் எழுதப்பட்டவை, இணையத்தில் எங்கும் பதிவிறக்கம் கிடைக்காது. எல்லாம் சேர்ந்து சில பத்து எம்பிதான். ரெக்கவரி என்ற மீட்பு முறையில் நுழைந்து அவற்றை நகலெடுத்து, போனுக்கு வெளியே இரண்டு இடத்தில் வையுங்கள். கூடவே பூட், டிடிபிஓ ஆகிய இரண்டு பார்ட்டிஷன்களையும்.

டிடிபிஓ எதற்கு என்றால், ஒன்பிளஸ் 6 போன்றவற்றில் மெயின்லைன் கெர்னல் போடும்போது அதை அழிக்கச் சொல்வார்கள். தயாரிப்பாளரின் டிவைஸ் ட்ரீ துண்டு அங்கே இருந்தால் புதிய கெர்னலின் ட்ரீயோடு மோதும். பின்னாளில் ஆண்ட்ராய்டுக்குத் திரும்ப நினைத்தால் அந்தத் துண்டு வேண்டும்.

போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் உள்ளே உட்காரும் விதம் எனக்குப் பிடித்த ஒன்று. அது போனின் பார்ட்டிஷன் அட்டவணையில் கை வைப்பதில்லை. உங்கள் படங்களும் ஆப்களும் இருந்த யூசர்டேட்டா பார்ட்டிஷனுக்குள் தன் முழு இமேஜையும் இறக்கி, அந்த இமேஜுக்குள்ளேயே பூட், ரூட் என்று சின்னதாக ஓர் அட்டவணை வைத்துக்கொள்கிறது. வாடகை வீட்டுக்குள் மரத்தடுப்பு வைத்து அறை பிரித்த மாதிரி. சிஸ்டம், வெண்டார், மோடம் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். திரும்ப வேண்டுமா? பழைய பூட்டையும் டிடிபிஓவையும் ஃபாஸ்ட்பூட்டில் (கணினியிலிருந்து கேபிள் வழியாக எழுதும் முறையில்) எழுதி, யூசர்டேட்டாவை ஃபார்மேட் செய்தால் வேலை முடிந்தது.

எழுதுவதற்கு முன் கெர்னலை ஃபாஸ்ட்பூட்டிலிருந்து நேராக ரேமில் ஏற்றிப் பார்க்கவும் பல போன்களில் முடியும். எதையும் எழுதாமலே திரை வருகிறதா, டச் வேலை செய்கிறதா என்பது தெரிந்துவிடும். ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆண்ட்ராய்டு. போக்கோ திரைக் குழப்பத்துக்கு இதுதான் மருந்து.

பாதிப் பாதி

இரண்டையும் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆண்ட்ராய்டு 7 காலத்திலிருந்து பல போன்களில் சிஸ்டத்தை வைக்க ஏ, பி என்று இரண்டு ஸ்லாட்டுகள் இருக்கின்றன. ஏ-யில் ஆண்ட்ராய்டு, பி-யில் லினக்ஸ் என்று கேட்கவே அழகாக இருக்கிறது. நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

அந்த இரண்டு ஸ்லாட்டுகள் இருப்பது உங்கள் லினக்ஸுக்காக இல்லை, ஆண்ட்ராய்டு அப்டேட்டுக்காக. ஏ-யில் ஓடும்போது புதிய பதிப்பை பி-யில் எழுதும். ஒரு ராத்திரி நீங்கள் கவனிக்காதபோது அப்டேட் வந்தால் லினக்ஸின் பூட் போயிற்று. யூசர்டேட்டாவோ இரண்டு ஸ்லாட்டுக்கும் ஒன்றுதான், அதை வெட்டிப் பங்கு போட்டாக வேண்டும். அட்டவணையைத் திருத்தும்போது ஓர் எண் தவறினால், போன் ஃபாஸ்ட்பூட்டுக்குக்கூட வராமல் குவால்காமின் அவசர முறையில் போய் நிற்கும். அங்கிருந்து மீட்க, தயாரிப்பாளர் கையெழுத்திட்ட ஃபைல் வேண்டும். அது உங்களிடம் இருக்காது. இரண்டு சிஸ்டம் வேண்டும் என்றால் செகண்ட் ஹேண்ட் போன் இன்னொன்றைத் தேடுவதே மேல்.

எழுதாமலே லினக்ஸ்

உங்களுக்கு வேண்டியது டெர்மினலும், பைத்தானும், எஸ்எஸ்ஹெச்சும் மட்டுமா? அப்படியானால் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். டெர்மக்ஸ் என்ற ஆண்ட்ராய்டு ஆப் போதும், ப்ரூட் என்ற கருவி வழியாக டெபியனைக்கூட ஓட்டலாம், ரூட் (முழு நிர்வாக அனுமதி) தேவையில்லை. ஆண்ட்ராய்டு 12-லிருந்து பின்னணியில் 32 துணைச் செயல்களுக்கு மேல் போனால் சிஸ்டம் வெட்டிவிடும் என்ற ஒரு தொல்லை உண்டு. 2025 முதல் பிக்சல் போன்களில் கூகுளே ஒரு டெர்மினல் ஆப் தருகிறது. டெவலப்பர் ஆப்ஷனில் அதை இயக்கினால் விர்ச்சுவல் மெஷினில் டெபியன் ஓடும். கெர்னலும் உண்மையிலேயே தனி. லினக்ஸ் போன் கேட்டு வந்தவர்களில் கணிசமானவர்களுக்கு உண்மையில் இதுவே போதுமென்று நினைக்கிறேன். சொன்னால் முகம் வாடிவிடும், அது வேறு விஷயம்.

கடைசியாக டிஸ்ட்ரோ

இப்போது அந்த முதல் கேள்விக்கு வரலாம். உபுண்டு டச்சை 2017-ல் உபுண்டுவின் நிறுவனமான கெனானிக்கல் கைவிட்டதும் யூபிபோர்ட்ஸ் சமூகம் எடுத்து வளர்த்தது. சிஸ்டம் பகுதியைப் படிக்க மட்டும்தான் முடியும், மாற்ற முடியாது, அப்டேட் முழு இமேஜாக வரும், உடைப்பது கடினம். ஆப்ட் கட்டளையால் மென்பொருள் போட்டு விளையாட நினைப்பவருக்கு அதே காரணத்தால் மூச்சு முட்டும். மோபியன் சுத்தமான டெபியன். கணினியில் டெபியன் ஓட்டுகிறவருக்குப் படிக்கப் புதிதாக ஒன்றுமில்லை. போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் இலேசானது, ஆதரிக்கும் போன்களின் பட்டியல் நீளம். ஆனால் பட்டியலில் இருப்பதும் வேலை செய்வதும் ஒன்றல்ல. 'டெஸ்டிங்' என்றிருந்தால் சில சமயம் திரையும் யூஎஸ்பியும் மட்டுமே உயிரோடிருக்கும். 'கம்யூனிட்டி' என்றிருந்தால் நம்பி இறங்கலாம். செயில்ஃபிஷ் முக்கியமாக சோனி எக்ஸ்பீரியா வைத்திருப்பவர்களுக்கு. இருப்பதிலேயே வழுவழுப்பான இடைமுகம் அதில்தான், ஆண்ட்ராய்டு ஆப் ஆதரவும் உரிமத்தோடு கிடைக்கும், ஆனால் இடைமுகத்தின் பகுதிகள் மூடிய மூலம். அதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்பது உங்கள் மனசாட்சி.

வங்கி ஆப் கேட்பவர்களுக்கு: லினக்ஸுக்குள் ஆண்ட்ராய்டை ஓட்டும் வேட்ராய்டில் ஆண்ட்ராய்டு ஆப்கள் ஓடும், வரைபடமும் அரட்டையும் சமாளிக்கும். ஆனால் போன் திருத்தப்படாததா என்று பார்க்கும் கூகுளின் நேர்மைச் சோதனையைக் கேட்கும் ஆப் அங்கே அடியெடுத்து வைக்காது. அந்த ஆப்புக்காகவே இன்னொரு ஆண்ட்ராய்டு போனைக் கூடவே வைத்திருக்க வேண்டும்.

பிறகு ஒருநாள் சலித்துப்போய் ஆண்ட்ராய்டுக்குத் திரும்பினால், பூட்லோடரை மறுபடி லாக் செய்யும் அவசரம் மட்டும் வேண்டாம். தயாரிப்பாளரின் அசல் இமேஜ் முழுவதையும் போட்டு, போன் அதில் ஒருமுறை ஒழுங்காக எழுந்து, செட்டிங்ஸில் ஐஎம்இஐ சரியாகத் தெரிகிறது என்று பார்த்த பிறகு லாக் செய்யுங்கள். உள்ளே அந்நியக் கெர்னல் இருக்கும்போது லாக் செய்தால், பூட்லோடர் கையெழுத்தைச் சரிபார்த்துவிட்டு எதையும் ஏற்றாது. மறுபடி அன்லாக் செய்யலாம் என்றால் அதற்கான அனுமதிச் சுவிட்ச் ஆண்ட்ராய்டு செட்டிங்ஸுக்குள் இருக்கிறது. அங்கே போக ஆண்ட்ராய்டு எழ வேண்டும்.